கோடு வரைக்கும் பால்

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மண்கரைசலுக்குத் தண்ணீர் அளக்கும் பிளாஸ்டிக் கோப்பையைக் காணவில்லை. தேடிப் பார்க்காமல், அலமாரியில் கிடந்த மூக்கு உடைந்த பால்கிண்ணம் ஒன்றை எடுத்து அதன் உள்ளே கீறியிருந்த கோடு வரை அளந்து ஊற்றினேன். கரைசல் பசை மாதிரி நின்றுவிட்டது. மண் வீணாகாது, மறுபடி கரைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் ஒரு மாலை நேர வேலை கெட்டது என்னால்தான்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் பிறகு படிக்கும்போது எனக்கே விளங்காது.

மண்பாத்திரப் பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் ஒரு மரப்படி. வாரத்தில் மூன்று மாலை மாஸ்டர் வகுப்பு எடுக்கிறார். படிக்க வருவது இரண்டே பேர். நான் ஒருவன், பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா இன்னொருவர். பகலில் நான் பார்சல் அலுவலகத்தில் பெட்டிகளை நிறுத்து, அளந்து, சீட்டு ஒட்டுகிறேன். அதனால் இங்கே என் பெயர் 'பார்சல்'. பெயர் வைத்தவர் பெரியக்கா, மாஸ்டரின் கூடப்பிறந்த அக்கா. அச்சு செய்வதெல்லாம் அவர் கை. கரைசல் ஊற்றுவதும் சூளை வைப்பதும் மாஸ்டர். மாஸ்டரின் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். பிரசவத்துக்கு முன்னால் விளிம்பு சீவி மெருகு பூசும் வேலை அவருடையது. இப்போது கைக்குழந்தையோடு மேலேயே இருக்கிறார்.

இங்கே சக்கரம் கிடையாது. முதல் நாள் நான் சக்கரத்தைத் தேடி அறை அறையாகப் போனதைத் தையல்கார அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். மண்பொடியைத் தண்ணீரில் போட்டு, இளக்கம் கொடுக்கச் சில சொட்டு சிலிக்கேட் விட்டு, பாலேடு பதத்துக்குக் கரைக்க வேண்டும். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க, அச்சின் சுவரில் மண் தோல் மாதிரி படியும். தோல் போதுமான கனத்துக்கு வந்ததும் நடுவில் இருக்கும் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். சுவரில் ஒட்டி நின்றதுதான் பாத்திரம். உள்ளே நிரப்பியதைக் கொட்டிவிட்டு ஒரு பொருளைச் செய்யலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

"எத்தனை கோப்பை ஊத்தினே?" என்று கேட்டார் மாஸ்டர், துடுப்பைக் கரைசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு. துடுப்பு சாயாமல் நின்றது.

"பத்து, அண்ணே. நீங்க சொன்ன மாதிரி."

"பத்து ஊத்தினா இது ஏன் இப்படி நிக்குது? ஏழோ எட்டோதான் ஊத்தியிருப்பே."

"அவன் மனசுக்குள்ள பத்து ஊத்தியிருப்பான்" என்றார் பெரியக்கா, அச்சுகளைக் கட்டும் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே. "பார்சல், உங்க ஆபீஸ்ல போடுற பெட்டியெல்லாம் ஊர் போய்ச் சேருதா, இல்ல பாதி வழியில இறங்கிடுதா?"

"சேருதுக்கா."

"நம்பிட்டேன்."

ஒவ்வொரு கோப்பை ஊற்றும்போதும் ஒரு மண் உருண்டையை உருட்டி அலமாரி ஓரத்தில் வைப்பது என் வழக்கம். எண்ணிக்கையில் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான். அலமாரியில் பத்து உருண்டைகள் இருந்தன. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் கரைசல் கண்முன்னால் நிற்கும்போது உருண்டையை யார் நம்புவார்கள்? ஊற்றாமலே இரண்டு உருண்டை உருட்டியிருப்பேன் என்று நானே நினைத்துக்கொண்டேன். "தப்பா எண்ணிட்டேன் போலண்ணே" என்றேன்.

அப்போது மேலே குழந்தை அழ ஆரம்பித்தது. தினமும் இந்த நேரத்துக்கு, பால் குடித்து முடித்ததும் அழும். நீண்ட அழுகை. நாங்கள் எல்லோரும் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்போம்.

அந்தக் குழந்தை மேலுதடும் அண்ணமும் சேராமல் பிறந்தது. மார்பில் பால் குடிக்க வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை கொடுத்து, ஒரு வேளைக்கு இது நிறையப் பாலைப் பீய்ச்சி ஸ்பூனால் ஊட்டுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஸ்பூனில் ஊட்டினால் பாதி மூக்கு வழியாக வந்தது. பெரியக்காதான் யோசித்திருக்கிறார். இந்த வீட்டு டீ ஜாடிகளுக்கு ஒரு பெயர் உண்டு, ஊற்றி நிறுத்தினால் மூக்கில் ஒரு சொட்டு வழியாது. அந்த மூக்கைக் கையளவுக் கிண்ணத்துக்கு வைத்தால் என்ன? மூக்கை எத்தனையோ தடவை செதுக்கிச் செதுக்கி, நாக்கின் ஓரத்தில் பால் சொட்டுச் சொட்டாக விழும்படி ஒரு கிண்ணம் செய்தார். உள்ளே ஒரு கோடு கீறி வைத்தார். அந்தக் கோடு வரை ஊற்றினால் பிளாஸ்டிக் கோப்பையின் அளவு. குழந்தை அதில் மூக்கில் ஏறாமல், இருமாமல் குடித்தது. வேலையிழந்த பிளாஸ்டிக் கோப்பை பட்டறைக்கு இறங்கி வந்துவிட்டது. அதைத்தான் நான் இன்று தேடினேன்; பதிலுக்கு எடுத்தது அதே அச்சில் வார்த்து, மூக்கு உடைந்ததால் ஒதுக்கிய கிண்ணம்.

ஆனால் அந்தக் கிண்ணம் வந்ததிலிருந்து குழந்தையின் எடை ஏறவில்லை.

பெரியக்கா படியேறிப் போனார். மேலே பேச்சு கேட்டது.

"இன்னிக்கும் சொம்புல பீய்ச்சின பால் மிச்சம் இருக்கு. பாரு, இவ்வளவு இருக்கு."

"கோடு வரைக்கும் கொடுத்துட்டேன்க்கா."

"கோடு வரைக்கும் ஊத்தினே. குடிச்சுதா, துண்டு குடிச்சுதா?"

"துண்டு காஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க."

"அப்ப ஏன்டி புள்ளை கத்துது? பாலைச் செடிக்கு ஊத்துற அளவுக்கு நம்ம வீட்ல என்ன வந்துது?"

அண்ணி பதில் சொன்னது கேட்கவில்லை. தையல்கார அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நான் எதுவும் பேசப் போகவில்லை. எனக்கு வைத்திருந்த டீயில் பெரியக்கா கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருந்தார். திட்டு வாங்குகிற நாளில் எனக்கு எப்போதும் அப்படித்தான் கிடைக்கிறது.


ஜூன் 13, வியாழன்

மழை விடவில்லை. அச்சுகள் காயவில்லை. ஈரமான அச்சு தண்ணீர் குடிக்காது. கரைசல் சுவரில் படியாமல் கலங்கிக்கொண்டே நிற்கும். மாஸ்டர் மின்விசிறியைத் தரையில் வைத்து, அச்சுகளை அதைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருந்தார். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அடுப்புல வச்சா பிளாஸ்டர் செத்துப்போகும்" என்றார் பெரியக்கா. "தொட்டா மாவு மாதிரி உதிரும். மெதுவாத்தான் காயணும். உனக்கு எல்லாத்துக்கும் எக்ஸ்பிரஸ் பார்சலா?"

பிளாஸ்டிக் கோப்பை கிடைத்துவிட்டது. காயவைக்கும் பலகைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அதில் பத்து கோப்பை அளந்து ஊற்றினேன், கீழ்த்தட்டில் பத்து உருண்டை. கரைசல் சரியான பதத்தில் வந்தது. துடுப்பிலிருந்து நாடா மாதிரி இறங்கியது. மாஸ்டர் முதுகில் தட்டினார். "பாத்தியா, ஒழுங்கா எண்ணினா வருது." சந்தோஷமாக இருந்தது. எதற்கோ கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. அதே பத்து, அதே உருண்டை.

இடைவேளையில் ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்தார்கள். அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தார். முகம் வீங்கியிருந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் எடை போட்டிருக்கிறார்கள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார் தையல்கார அக்கா.

அண்ணி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர்தான் சொன்னார். "ஏறலை. போன தடவை என்னவோ அதேதான். உதட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தாங்க இல்ல, அதைத் தள்ளி வச்சுட்டாங்க. அடுத்த வாரமும் ஏறலைன்னா சேத்துடுங்க, மூக்கு வழியா டியூப் போட்டுப் பால் கொடுக்கணும்னு சொல்றாங்க."

"எவ்வளவு கொடுக்கிறீங்கன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க" என்றார் அண்ணி. "நீங்க கொடுத்த கோப்பை அளவுதான்னேன். அதுக்கு மேல கொடுத்துடாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும்னாங்க. அப்பவும் ஏன் ஏறலைன்னு அவங்களுக்கே தெரியலை. என் பால்ல சத்து இல்லையோன்னு கேட்டேன். அப்படியெல்லாம் இல்லன்னாங்க. சும்மா என்னைத் தேத்துறதுக்குச் சொல்றாங்களோ என்னவோ."

"நல்லாச் சாப்பிட்டாத்தானே" என்றார் பெரியக்கா. குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் தன் தட்டிலிருந்த முட்டையை அண்ணியின் தட்டில் வைத்தார். அண்ணி அதைத் தொடவில்லை.

"நான் கொடுக்கலைன்னுதானே நினைக்கிறீங்க?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"தினமும் சொம்பைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"மிச்சம் இருந்தா பாக்கத்தான் செய்வாங்க. நான் என்ன, குருடா?"

"போதும்" என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. கரைசல் ஆடை கட்டுது."

கரைசல் ஆடை கட்டவில்லை. நான்தான் கிண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் வேறு என்ன சொல்லி நிறுத்துவார் பாவம்.

குழந்தை தோளிலிருந்து என்னையே பார்த்தது. பெரியக்கா அதைச் சுண்டெலி என்று கூப்பிடுகிறார். கண்கள் பெரியவை. கைமுட்டியை வாயில் திணிக்கப் பார்த்தது, உதட்டின் பிளவில் வழுக்கி வழுக்கி விழுந்தது. அண்ணி அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். "எப்பப் பாத்தாலும் கையைத் திங்குது" என்றார். "வயித்துல காத்து நிக்குதாம். அதான் அழுவுதாம்."


ஜூன் 15, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது. முதலில் நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

நேற்று அலுவலகத்தில் ஒருவர் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது தலையணை, அதனால் எடை இல்லை. எடை இல்லாத பெட்டிக்கு நாங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கித்தான் கட்டணம் போடுவோம். "ரெண்டுக்கும் ஒரு விரக்கடைதானே வித்தியாசம், இதுக்கு ஏன் இவ்வளவு கூட?" என்று சண்டை பிடித்தார். தினமும் சொல்வதைச் சொன்னேன். "ஒரு பக்கம் ஒரு விரக்கடை இல்ல சார். எல்லாப் பக்கமும் ஒரு விரக்கடை."

சொல்லிவிட்டு, சீட்டு ஒட்டாமல் நின்றுவிட்டேன். "என்ன தம்பி, தூங்கிட்டீங்களா?" என்று அவர் மேசையைத் தட்டினார்.

பட்டறையில் ஒரு பேச்சு உண்டு: எட்டு சுட்டால் ஏழு. பச்சை மண்ணில் எட்டு அங்குலம் இருப்பது சூளையிலிருந்து வரும்போது ஏழு அங்குலமாகச் சுருங்கியிருக்கும். ஏழு அங்குலத்துக்கு மூடி வேண்டுமென்றால் எட்டு அங்குலத்துக்கு அச்சு செய் என்பார்கள். முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பெரியக்கா கிண்ணத்தில் கோடு கீறிய கதையையும் நான் கேட்டிருக்கிறேன். பச்சைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, கரைந்துவிடும். அதனால் சலித்த மணலை அளந்து போட்டு, அது நின்ற இடத்தில் கோடு கீறினார். பிளாஸ்டிக் கோப்பையின் அளவு ஏழு பங்கு என்றால், எட்டுப் பங்கு மணல். சுருங்குவதற்கு இடம் விட்டாயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

ராத்திரி தூக்கத்தில் பத்து உருண்டைகள் வந்துகொண்டே இருந்தன.

இன்று மாலை பட்டறைக்குப் போனபோது மழை விட்டு வெயில் அடித்தது. மாஸ்டர் பிளாஸ்டர் வாங்கப் போயிருந்தார். பெரியக்கா மொட்டைமாடியில் அச்சுகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். தையல்கார அக்கா வார்ப்புகளின் ஒட்டுக்கோட்டை ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி குழந்தையோடும் பால் சொம்போடும் கீழே, மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தார்.

நான் செவ்வாய்க்கிழமை எடுத்த மூக்குடைந்த கிண்ணத்தைக் கழுவி, குழாயடியில் வைத்து, பிளாஸ்டிக் கோப்பை நிறையத் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினேன்.

தண்ணீர் கோட்டைத் தாண்டியது.

கோப்பையில் இன்னும் தண்ணீர் இருந்தது. சாய்வாக வைத்துவிட்டேன் போல என்று கொட்டிவிட்டு, தரையில் நேராக வைத்து மறுபடி ஊற்றினேன். மறுபடியும் தாண்டியது.

"என்ன விளையாடுறீங்க?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. நான் ஏதோ தப்பாப் பண்றேன்."

"என்ன தப்பு?"

"இந்தக் கோப்பைத் தண்ணி இதுல கோட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குது."

அண்ணி எழுந்து வந்தார். குழந்தையைத் தையல்கார அக்கா மடியில் கொடுத்துவிட்டு வந்தார். "மறுபடி ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். "கோட்டோட நிறுத்துங்க." நிறுத்தினேன். பிளாஸ்டிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கால் பங்கு தண்ணீர் அதில் மிச்சம் இருந்தது.

"அது உடைஞ்ச கிண்ணம். கோடு மாறியிருக்கும்" என்றார். மேலே ஓடிப் போய்க் குழந்தையின் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கழுவினார். அவரே ஊற்றினார். அதே கால் பங்கு மிச்சம்.

மிச்சத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, என்னிடம் இல்லை, அந்தக் கோப்பையிடம் பேசுவது மாதிரிச் சொன்னார்.

"அப்ப, அவளுக்குப் பசி."

"அண்ணி..."

"காத்து இல்ல. நோவு இல்ல. என் பால்லயும் ஒண்ணும் இல்ல. பசிக்குதுன்னு சொல்லியிருக்கா. தினமும் சொல்லியிருக்கா." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சிருக்கா. நாம கொடுத்தது எல்லாத்தையும் குடிச்சிருக்கா!"

பாலைப் பிளாஸ்டிக் கோப்பையில் நிறைய அளந்தார். அதிலிருந்து கிண்ணத்தில் கோடு வரை ஊற்றி வழக்கம்போலக் கொடுத்தார். தோளில் போட்டுத் தட்டினார். குழந்தை முனக ஆரம்பித்தது. மிச்சக் கால் பங்கையும் கிண்ணத்தில் ஊற்றினார். தையல்கார அக்கா அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். குழந்தை குடித்தது. இருமவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, முட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல், விரல்களை விரித்து அண்ணியின் ரவிக்கை மேல் வைத்துக்கொண்டது. கண் மூடியது.

மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த நேரத்தில் இந்த வீடு இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

படியில் தடதடவென்று சத்தம். பெரியக்கா ஓடி வந்தார். கையெல்லாம் பிளாஸ்டர் தூள்.

"என்ன ஆச்சு? ஏன் அழலை? புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"தூங்குறாக்கா."

"பால் கொடுத்தியா இல்லியா?"

"கொடுத்தேன்."

"கொடுத்தா அழுவாளே! ஏய், மூக்குல கை வச்சுப் பாரு, மூச்சு வருதான்னு..." தானே குனிந்து, கன்னத்தைக் குழந்தையின் மூக்கருகில் கொண்டுபோனார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நல்லாத்தான் தூங்குறா. என்ன கொடுத்தே?"

யார் சொல்வது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன். தப்பு நான் அளந்ததில்தான் இருக்கும் என்று அப்போதும் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அண்ணிதான் சொன்னார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று, தண்ணீரைக் கோட்டோடு நிறுத்திக் காட்டினார்.

பெரியக்கா கோப்பையை வாங்கிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் போய், அதே அச்சில் வார்த்து இன்னும் சுடாமல் வைத்திருந்த பச்சைக் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். குழந்தையின் கிண்ணத்தைத் துடைத்து, அதை அந்தப் பச்சைக் கிண்ணத்துக்குள் மெல்ல இறக்கினார்.

உள்ளே போய்விட்டது. ஒரே அச்சில் பிறந்த இரண்டு. சுட்டது சுடாததற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் இடம் இருந்தது. அவர் அந்த இடைவெளியில் சுண்டுவிரல் நுனியை விட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எல்லாப் பக்கமும்" என்றார். "நான் ஒரு பக்கத்துக்குத்தான் இடம் விட்டேன். ஸ்கேல்ல அளக்கிறவ புத்தி. எட்டுக்கு ஏழு, எட்டுக்கு ஏழுன்னு... உயரமும் சுருங்குது, அகலமும் சுருங்குது, இந்தப் பக்கமும் சுருங்குது. ஜாடிக்கு மூடி சேந்தாப் போதும், உள்ள எவ்வளவு புடிக்கும்னு நான் என்னிக்குப் பாத்தேன்?"

"என் துணி ரெண்டு பக்கம்தான் சுருங்கும்" என்றார் தையல்கார அக்கா. "உங்க மண்ணு மூணு பக்கமும் சுருங்குது. நல்லவேளை, நான் மண்ணுல சட்டை தைக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அண்ணிக்குத்தான் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

பெரியக்கா சிரிக்கவில்லை. கிண்ணத்தை வெளியே எடுத்தார். "இதை உடைச்சுடு" என்று அண்ணியிடம் நீட்டினார். "நீயே உடை. என் கண்ணு முன்னால."

"ஏன் உடைக்கணும்?"

"புள்ளையைப் பட்டினி போட்டிருக்கேன். பட்டினி போட்டுட்டு, சொம்பைத் தூக்கிப் பாத்து உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கேன்."

"நான் என்னையே சொல்லிக்கிட்டதுக்கு நீங்க சொன்னது ரொம்பக் கம்மிக்கா" என்றார் அண்ணி. கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "ஸ்பூன்ல கொடுத்தப்ப மூக்கு வழியா வந்து நீலம் பாரிச்சுப் போனாளே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அப்புறம் ஒரு நாளாவது மூச்சு முட்டிச்சா? இந்த மூக்கு நீங்க செஞ்சது. கோடு மட்டும்தானே தப்பு. கோட்டை விட்டுட்டுக் கிண்ணத்தை வச்சுக்கிறேன்."

பெரியக்கா முக்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டர் கையோடேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது முகமெல்லாம் வெள்ளை. அண்ணி முந்தானையை நனைத்து அந்த முகத்தைத் துடைத்துவிட்டார். குழந்தையைத் துடைப்பது மாதிரி, காதுக்குப் பின்னால் வரைக்கும்.

"வலிக்குதுடி, மெதுவா" என்றார் பெரியக்கா.

பிறகு என்னைப் பார்த்தார். "பார்சல். செவ்வாய்க்கிழமை நீ பத்துத்தான் ஊத்தினியா?"

"ஆமாக்கா."

"அப்ப ஏன் தப்பா எண்ணிட்டேன்னு சொன்னே?"

"எல்லாரும் சொன்னீங்க. அதான், தப்பா எண்ணியிருப்பேன்னு நானும்..."

"நல்ல ஆளுடா நீ" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "நல்ல ஆளுங்கடா ரெண்டு பேரும். வாயைத் திறந்து சண்டை போடத் தெரியாதா உங்களுக்கு?"

மாஸ்டர் பிளாஸ்டர் மூட்டையோடு வந்தபோது, நாங்கள் நான்கு பேரும் தூங்குகிற குழந்தையைச் சுற்றிக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். பயந்துபோய் மூட்டையைப் போட்டுவிட்டார். குழந்தை விழிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் மேலும் பயந்தார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. புரிந்ததும் அலமாரி ஓரத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமை உருண்டைகள் காய்ந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எண்ணினார். பத்து. அவற்றைக் கொட்டாமல் ஒரு டீ ஜாடிக்குள் போட்டு மூடிவைத்தார்.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பெரியக்கா வாசல் வரை வந்தார். கையில் ஒரு பொட்டலம். நான்கு அவித்த முட்டை, ரொட்டி. "எடை போட்டுப் பாத்துக்கோ" என்றார்.


ஜூன் 20, வியாழன்

எடை ஏறியிருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு என்று மாஸ்டர் சொன்னார். அந்த எண்ணை மட்டும் எழுதாமல் விடுகிறேன். ஒரு பார்சல் மேசையில் அவ்வளவு எடை இருந்தால் நான் தராசு முள்ளைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேன். ஆனால் நர்ஸ் இரண்டு தடவை எடை போட்டுவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாராம். டியூப் வேண்டாம். சேர்க்க வேண்டாம். இப்படியே ஏறினால் ஆபரேஷனுக்குப் பழைய தேதியையே தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கோட்டின் கதையை நர்ஸிடம் சொன்னது பெரியக்காதான். அண்ணி வேண்டாம் என்று கையைப் பிடித்திருக்கிறார். "நான் செஞ்சதை நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டாராம். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிண்ணத்தின் மூக்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இதே மாதிரி இன்னும் இரண்டு குழந்தைகள் வார்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் செய்து தருவீர்களா என்று கேட்டாராம். கோடு சரியாக இருந்தால், என்று சேர்த்துச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது பெரியக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்று வெயில் நன்றாக அடித்தது. புதிதாக ஒரு மாதிரி உருவம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார்கள். முன்னதைவிடப் பெரிது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்று எனக்குத் தெரியாது. அண்ணி என் கையைப் பிடித்து அச்சின் மேல் வைத்தார். ஜுரம் வந்த நெற்றி மாதிரி இருந்தது. குழந்தை மாஸ்டரின் மடியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி இன்றைக்கு மறுபடி விளிம்பு சீவினார். இத்தனை நாளுக்குப் பிறகும் கை மறக்கவில்லை. "பார்சலு, இதைப் பாத்துக் கத்துக்கோ" என்றார் பெரியக்கா. அண்ணி அதற்குள் இரண்டு டீ ஜாடிகளை முடித்துவிட்டார்.

எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூக்கு உடைந்த ஒரு கிண்ணம் அலமாரியில் கிடந்ததற்கு. பிளாஸ்டிக் கோப்பை பலகைக்கு அடியில் உருண்டு போனதற்கு. நான் தேடிப் பார்க்காத சோம்பேறி என்பதற்கும்கூட. பெரியக்காவிடம் இதைச் சொன்னால், "அதுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டிருந்தா மண்ணை யாரு சலிப்பா?" என்பார்.

நாளை வகுப்பு இல்லை, ஆனாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் நான் மண் சலிக்க வேண்டும். தண்ணீர் பிளாஸ்டிக் கோப்பையில்தான் அளக்க வேண்டும், பத்து. அச்சு காய்ந்திருந்தால் முதல் வார்ப்பு. உள்ளே கோடு கீறக் கூடாது. சுட்டு எடுத்த பிறகு, தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் கோடு. ஊற்றுவது பெரியக்கா. எங்கே நிற்கிறது என்று சொல்வது அண்ணி.